பழைய கணினிப் பழக்கங்கள்: எதை வைத்துக்கொள்ளலாம், எதை விடலாம்?

தாழ்வாரம் (கேள்வி)

புதிதாக லேப்டாப், போன் வாங்குகிறவர்களுக்குக் கொடுக்க ஒரு பக்கத்தில் குறிப்பு எழுதிக்கொண்டிருக்கிறேன். காலங்காலமாகச் சொல்லப்படும் அறிவுரைகள் நிறைய இருக்கின்றன, ஆனால் அவற்றில் பாதிக்குக் காரணம் யாரும் சொல்வதில்லை. புது பேட்டரியை முதல் தடவை எட்டு மணி நேரம் சார்ஜ் போடு. பூஜ்யம் வரை இறக்கிவிட்டு நூறு வரை ஏற்று. ராத்திரி கம்ப்யூட்டரை ஷட் டவுன் பண்ணாமல் தூங்காதே. போனில் ஓடுகிற ஆப்களை எல்லாம் தள்ளி மூடு. மாதம் ஒருமுறை டீஃப்ராக் பண்ணு (டிஸ்கில் சிதறிக் கிடக்கும் கோப்புத் துண்டுகளை ஒன்றாக அடுக்குவது). பென்டிரைவை எஜெக்ட் பண்ணாமல் பிடுங்காதே. மூன்று மாதத்துக்கொருமுறை பாஸ்வேர்டை மாற்று.

இது போதாதென்று டைப்-சி கேபிள் குழப்பம் வேறு. பார்க்க எல்லாம் ஒன்றுபோல இருக்கின்றன. ஒன்றில் லேப்டாப் சார்ஜ் ஏறுகிறது, இன்னொன்றில் ஏறுவதில்லை. ஒன்றில் மானிட்டர் தெரிகிறது, இன்னொன்றில் கறுப்பாகவே நிற்கிறது.

ஒவ்வொரு பழக்கமும் எந்தக் கோளாறைத் தடுக்க வந்தது, அந்தக் கோளாறு இன்றைய சாதனத்தில் இருக்கிறதா, இருந்தால் எந்த செட்டிங்கை எங்கே போய் மாற்ற வேண்டும் என்பதுதான் எனக்குத் தெரிய வேண்டும். "செய்தால் நல்லது" என்று மொட்டையாகச் சொன்னால் குறிப்பில் போட முடியாது. காரணத்தோடு சொல்லுங்கள்.

மின்னோட்டம்

பேட்டரியிலிருந்து ஆரம்பிக்கிறேன். தவறான அறிவுரையால் நிஜமாகவே பொருள் வீணாவது இங்கேதான்.

முழுசாக இறக்கி முழுசாக ஏற்றச் சொன்னது நிக்கல்-காட்மியம் பேட்டரிக்கு. அதைப் பாதியிலேயே திரும்பத் திரும்ப சார்ஜ் போட்டால் மின்னழுத்தம் சீக்கிரமே சரிந்து, உள்ளே சார்ஜ் இருந்தும் சாதனம் அணைந்துவிடும். அந்தக் காலத்து மலிவான சார்ஜர்களும் சின்ன மின்னோட்டத்தை மணிக்கணக்கில் ஊட்டிக்கொண்டே இருக்கும். எட்டு மணி நேரக் கணக்கு அங்கிருந்து வந்தது. சோனி 1991இல் லித்தியம்-அயனை விற்பனைக்குக் கொண்டுவந்தது. இன்று கையில் இருக்கிற போன், லேப்டாப், இயர்பட்ஸ் எல்லாமே அந்த வகைதான். இதில் பூஜ்யம் வரை இறக்குவதால் லாபம் ஒன்றுமில்லை, தேய்மானம்தான் கூடும். முதல் சார்ஜுக்கும் தனி விசேஷம் கிடையாது. பெட்டியிலிருந்து எடுத்து அப்படியே பயன்படுத்தலாம்.

லித்தியம்-அயன் சார்ஜ் ஏறும் விதத்தைத் தெரிந்துகொண்டால் மற்றது எல்லாம் தானாகப் புரியும். முதலில் நிலையான மின்னோட்டம் போகும். செல்லின் மின்னழுத்தம் 4.2 வோல்ட்டைத் தொட்டதும் (புது செல்கள் சிலவற்றில் 4.4 வோல்ட்டுக்குப் பக்கம்) அதற்கு மேல் ஏறவிடாமல் பிடித்து, மின்னோட்டத்தைக் குறைத்துக்கொண்டே வரும். கடைசி 20 சதவீதம் மெதுவாக ஏறுவது அதனால்தான். சார்ஜரில் கோளாறு இல்லை.

செல்லுக்கு வயசாவது உச்ச மின்னழுத்தத்தில் வெகுநேரம் கிடக்கும்போது. அதோடு சூடும் சேர்ந்தால் உள்ளே இருக்கும் திரவம் வேகமாகச் சிதைகிறது. நூறு சதவீதம், சூடு, நீண்ட நேரம் ஆகிய மூன்றும் ஒன்றாகக் கூடும் இடங்களைத்தான் தவிர்க்க வேண்டும். சார்ஜரில் மாட்டியபடி மணிக்கணக்கில் கேம் ஓடும் லேப்டாப், வெயிலில் காரின் டேஷ்போர்டில் வழி காட்டிக்கொண்டே சார்ஜ் ஏறும் போன், தலையணைக்கு அடியில் ராத்திரி முழுக்கக் கிடக்கும் போன் எல்லாம் இந்த வகை. வயர்லெஸ் சார்ஜரில் போடும்போது போன் சுட்டால் கவரைக் கழற்றிவிட்டு, சார்ஜருக்குள் இருக்கும் கம்பிச் சுருளின் நடுவில் சரியாக வையுங்கள். கொஞ்சம் விலகி வைத்தாலே இழப்பு கூடி, அது அத்தனையும் சூடாக மாறும்.

மறுமுனையும் ஆபத்தானது. பூஜ்யத்தில் அணைந்த போனை மாதக்கணக்கில் அலமாரியில் போட்டால் செல் தானாகவே இன்னும் இறங்கி 2.5 வோல்ட்டுக்குக் கீழே போய்விடும். இன்னும் இறங்கினால் உள்ளிருக்கும் செம்புத் தகடு கரைய ஆரம்பிக்கும். பிறகு பாதுகாப்புச் சுற்று சார்ஜ் ஏற்றவே மறுக்கும். சும்மா வைக்கப்போகும் சாதனத்தைப் பாதி சார்ஜில் அணைத்து, குளிர்ச்சியான இடத்தில் வைத்து, ஆறு மாதத்துக்கொருமுறை எடுத்து மறுபடி பாதிக்கு ஏற்றிவையுங்கள்.

"எத்தனை தடவை செருகினால் ஆயுள் குறையும்" என்று கேட்பவர்களுக்கு ஒரு விளக்கம். பேட்டரி ஆயுளைக் கணக்கிடும் சுழற்சி என்பது செருகும் எண்ணிக்கை அல்ல. இன்று 60 சதவீதம், நாளை 40 சதவீதம் செலவழித்தால் இரண்டும் சேர்ந்து ஒரு சுழற்சி. ஆப்பிள் கொடுக்கும் கணக்கு ஐபோன் 14 வரை 500 சுழற்சிக்குப் பிறகு 80 சதவீதக் கொள்ளளவு, ஐபோன் 15 முதல் 1000 சுழற்சி.

செட்டிங் எங்கே இருக்கிறது: ஐபோன் 15 முதல், செட்டிங்ஸில் பேட்டரிக்குள் போனால் 80 சதவீத வரம்பு உண்டு. ஆண்ட்ராய்டில் கம்பெனிக்குக் கம்பெனி பெயர் மாறும். செட்டிங்ஸின் தேடல் பெட்டியில் "பேட்டரி புரொடெக்ஷன்" அல்லது "சார்ஜிங்" என்று தேடுங்கள். விண்டோஸ் லேப்டாப்பில் பெரும்பாலும் தயாரிப்பாளரின் ஆப்பிலோ பயாஸிலோ (விண்டோஸ் எழும் முன் திறக்கும் அடிப்படை அமைப்புத் திரை) இருக்கும்.

விண்டோஸில் பேட்டரியின் நிஜ நிலை தெரிய கமாண்ட் பிராம்ப்டைத் திறந்து, பவர்சிஎஃப்ஜி என்று அடித்து, ஒரு இடம் விட்டு, சாய்கோட்டோடு சேர்த்து பேட்டரிரிப்போர்ட் என்று (ஆங்கிலத்தில், ஒரே சொல்லாக) அடியுங்கள். ஒரு எச்டிஎம்எல் கோப்பு உருவாகும், அது இருக்கும் இடத்தையும் அங்கேயே காட்டும். அதில் டிசைன் கெபாசிட்டியையும் ஃபுல் சார்ஜ் கெபாசிட்டியையும் ஒப்பிடுங்கள். இரண்டாவது முதலாவதில் 60 சதவீதத்துக்குக் கீழே போயிருந்தால் எந்த செட்டிங்கும் காப்பாற்றாது, பேட்டரியை மாற்றுவதுதான் வழி.

பூஜ்யம் வரை இறக்குவதற்கு ஒரே ஒரு நியாயமான சந்தர்ப்பம் உண்டு. சதவீதக் கணக்கு தடுமாறி, 20 காட்டும்போதே போன் அணைந்தால், ஒருமுறை அணையும்வரை ஓடவிட்டு, இடையில் எடுக்காமல் நூறு வரை ஏற்றுங்கள். போனுக்குள் இருக்கும் சார்ஜ் அளவி தன் கணக்கைத் திருத்திக்கொள்ளும். அதற்குப் பிறகும் 20இல் அணைகிறது என்றால் செல்லின் உள்தடை ஏறிவிட்டது, அதாவது அதற்கு வயசாகிவிட்டது என்று அர்த்தம்.

குறிப்பில் தடித்த எழுத்தில் போட வேண்டியது பேட்டரி வீக்கம். டச்பேடு அழுத்த முடியாமல் இறுகினாலோ, லேப்டாப் மேசையில் ஆடினாலோ, போனின் திரை சட்டத்திலிருந்து எழும்பினாலோ உடனே சார்ஜை நிறுத்துங்கள். அழுத்திப் பார்க்கக்கூடாது, குத்தக்கூடாது, குப்பைத்தொட்டியில் போடக்கூடாது.

தாழ்வாரம்

நன்றி. ஒரு சந்தேகம். லேப்டாப் நாள் முழுக்க மேசையில் சார்ஜரோடுதான் இருக்கிறது என்றால், அவ்வப்போது கழற்றி மாட்டச் சொல்லலாமா?

மின்னோட்டம்

வேண்டாம். சார்ஜர் மாட்டியிருக்கும்போது லேப்டாப் ஓடுவது அடாப்டரின் மின்சாரத்தில். நூறானதும் பேட்டரிக்குள் மின்சாரம் போவது நின்றுவிடும். பிரச்சினை, அது உச்ச மின்னழுத்தத்திலேயே சூட்டோடு கிடப்பது. கழற்றி மாட்டுவதால் சுழற்சிதான் வீணாகும். வரம்பை 80இல் வைத்துவிட்டு அப்படியே விட்டுவிடச் சொல்லுங்கள்.

அதே நேரம், காலையில் வெளியே போய் ராத்திரி வீடு திரும்பும் ஆளின் போனுக்கு 80 வரம்பு வைப்பதை நான் ஆதரிக்க மாட்டேன். அன்றாடம் 20 சதவீதத்தைத் தியாகம் செய்து, மூன்று வருஷம் கழித்து வரப்போகும் 20 சதவீத இழப்பைத் தள்ளிப்போடுவதில் என்ன லாபம்? பேட்டரி இருப்பதே பயன்படுத்தத்தான். சூட்டை மட்டும் கவனித்தால் போதும்.

சுழல்தட்டு

ஷட் டவுன், ஆப் மூடுவது, டீஃப்ராக் மூன்றையும் நான் எடுத்துக்கொள்கிறேங்க.

விண்டோஸில் ஷட் டவுன் பண்றவங்களில் பலருக்குத் தெரியாத விஷயம் ஒண்ணு. விண்டோஸ் 8 வந்த 2012இலிருந்து ஷட் டவுன் என்பது முழு ஷட் டவுன் இல்லை. ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்னு ஒரு வசதி இயல்பாகவே ஆன்ல இருக்கும். உங்க ப்ரோகிராம்களை மூடிட்டு, விண்டோஸின் உள்கருவையும் டிரைவர்களையும் (ப்ளூடூத் மாதிரி பாகங்களை இயக்குற மென்பொருள்கள்) அப்படியே டிஸ்கில் எழுதி வைக்கும். மறுநாள் அதையே எடுத்து ஓட்டும். அதனால கோளாறான டிரைவர் மறுநாளும் அதே கோளாறோடதான் எழுந்திருக்கும். "தினமும் ஆஃப் பண்றேன், ஆனாலும் ப்ளூடூத் வேலை செய்யலை"ங்கிற புகாருக்கு முதலில் பார்க்க வேண்டிய இடம் இது.

சோதிக்க டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸில் சிபியூவை அழுத்துங்க. கீழே அப் டைம்னு ஒரு எண் இருக்கும். தினமும் ஷட் டவுன் பண்ற கம்ப்யூட்டரில்கூட அது பத்து நாள், இருபது நாள்னு காட்டும். ரீஸ்டார்ட் கொடுத்தா மட்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும், ஏன்னா ரீஸ்டார்ட்தான் உள்கருவைப் புதுசா ஏற்றும். ஷிஃப்ட் விசையை அழுத்திப் பிடிச்சுக்கிட்டு ஷட் டவுனை க்ளிக் பண்ணினாலும் முழுசா அணையும்.

நிரந்தரமா நிறுத்தணும்னா கண்ட்ரோல் பேனல், பவர் ஆப்ஷன்ஸ், அங்கே இடப்பக்கம் பவர் பட்டன் என்ன செய்யணும்னு தேர்ந்தெடுக்கிற இணைப்பு, அதுக்குள்ளே மங்கலா இருக்கிற செட்டிங்ஸைத் திறக்கிற இணைப்பு. அதை அழுத்தினதும் டர்ன் ஆன் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் டிக்கை எடுக்கலாம். எஸ்எஸ்டி (சுத்துற தட்டு இல்லாத ஃப்ளாஷ் டிரைவ்) இருக்கிற கம்ப்யூட்டரில் இதனால சில விநாடிதான் கூடும். ஒரே கம்ப்யூட்டரில் லினக்ஸும் வெச்சிருக்கிறவங்க கண்டிப்பா நிறுத்தணும். இல்லைன்னா விண்டோஸ் பார்டிஷன் (டிஸ்கில் விண்டோஸுக்குன்னு பிரிச்ச பகுதி) பாதி தூக்கத்துல இருக்கிறதால லினக்ஸ் அதை எழுத விடாது, படிக்க மட்டும்தான் விடும்.

அதனால குறிப்பில் இப்படிப் போடுங்க: ராத்திரி மூடியை மூடி ஸ்லீப்ல விடுங்க, வாரம் ஒரு ரீஸ்டார்ட் கொடுங்க. தினசரி ஷட் டவுனைவிட இது பயனுள்ள பழக்கம். லேப்டாப்பைப் பைக்குள்ள வைக்கிறதா இருந்தா மட்டும் ஸ்லீப் வேண்டாம், ஹைபர்னேட்டோ (திறந்திருக்கிறதை டிஸ்கில் எழுதி வெச்சுட்டு அணையுறது) முழு ஷட் டவுனோ கொடுங்க. புது லேப்டாப்களின் ஸ்லீப்ல நெட்வொர்க் உயிரோட இருக்கும். பைக்குள்ள தானா விழிச்சு, காத்தோட்டம் இல்லாம சூடாகி, பேட்டரியையும் தீர்த்துடும்.

போனில் ஆப்களைத் தள்ளி மூடுறது: அந்தப் பட்டியல் ஓடுகிற ஆப்களின் பட்டியல் இல்லைங்க, சமீபத்துல திறந்தவற்றின் பட்டியல். அதுல பெரும்பாலானவை உறைஞ்ச நிலையில் ராம் நினைவகத்தில் இருக்கும், சிபியூவைத் தொடாது. ராம் தேவைப்பட்டா வெகுநாள் தொடாததை ஆண்ட்ராய்டே தூக்கிடும், ஐஓஎஸும் அப்படித்தான். நீங்க மூடிட்டுத் திரும்பத் திறந்தா, ப்ரோகிராம் முழுசையும் மறுபடி ஏற்றணும். பேட்டரிச் செலவு அங்கேதான். காலி ராமால் ஒரு பயனும் இல்லை. நிரம்பின ராம்தான் வேகம் தருது. ஆப் தொங்கிப்போனாலோ, வழிகாட்டும் மேப் வேலை முடிஞ்சும் ஜிபிஎஸை விடாம பிடிச்சிருந்தாலோ அந்த ஒண்ணை மட்டும் மூடுங்க.

இதுக்கு நேரெதிரான கோளாறுதான் இப்போ அதிகம். சில ஆண்ட்ராய்டு போன்கள் பேட்டரியை மிச்சம் பிடிக்கிறதா நினைச்சு, மெசேஜ் ஆப்பையும் அலாரத்தையும் பின்னணியிலேயே கொன்னுடும். மெசேஜ் தாமதமா வந்தா, அந்த ஆப்பின் இன்ஃபோவில் பேட்டரிக்குள்ள போய் அன்ரிஸ்ட்ரிக்டட் வையுங்க.

டீஃப்ராக்: சுத்துற ஹார்டு டிஸ்குக்கு அது அவசியமாத்தான் இருந்தது. நிமிஷத்துக்கு 7200 சுற்று சுத்துற டிஸ்க் ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி விநாடி எடுக்கும், சராசரியா பாதிச் சுற்று காத்திருக்கணும். அதோட டேட்டாவைப் படிக்கிற தலை நகர எட்டு ஒன்பது மில்லி விநாடி. ஒரு கோப்பு நூறு துண்டா சிதறிக் கிடந்தா, தேடறதுக்கே ஒரு விநாடிக்கு மேல போயிடும். எஸ்எஸ்டியில் நகர்ற பாகமே இல்லை. எந்தத் துண்டு எங்கே இருந்தாலும் எடுக்கிற நேரம் ஏறக்குறைய ஒண்ணுதான். டீஃப்ராக் பண்ணினா ஃப்ளாஷ் செல்கள் வீணா ஒரு தடவை எழுதப்படும், அவ்வளவுதான்.

ஆனா விண்டோஸில் இருக்கிற ஆப்டிமைஸ் டிரைவ்ஸ் அட்டவணையை நிறுத்திடாதீங்க. எஸ்எஸ்டின்னா அது செய்யறது ட்ரிம், டீஃப்ராக் இல்லை. அழிச்ச கோப்புகளின் இடம் எதுன்னு டிரைவுக்குச் சொல்லும். அந்த ஜன்னலில் மீடியா டைப் சாலிட் ஸ்டேட் டிரைவ்னு இருக்கான்னு மட்டும் பாருங்க. எஸ்எஸ்டிக்கு நிஜமா நன்மை தர்ற பழக்கம், 10 முதல் 20 சதவீதம் இடம் காலியா விடுறது. பல டிரைவ்கள் காலி இடத்தின் ஒரு பகுதியை வேகமான இடைநிலைச் சேமிப்பா பயன்படுத்துது. விளிம்பு வரை நிரப்பினா எழுதுற வேகம் தொபீர்னு விழும்.

எழுதித் தேஞ்சுபோயிடுமேன்னு பயப்படவும் வேண்டாம். சாம்சங் 870 ஈவோ ஒரு டிபி மாடலுக்கு வாரண்டி 600 டிபி எழுதும் வரை. தினமும் 50 ஜிபி எழுதினாக்கூட முப்பது வருஷத்துக்கு மேல ஆகும்.

எஜெக்ட் பத்தியும் ஒரு வார்த்தை. விண்டோஸ் 10இன் 1809 பதிப்பிலிருந்து க்விக் ரிமூவல்தான் இயல்பு. அதனால இப்போ அது பெரிய விஷயம் இல்லை.

கட்டளைவரி

சுழல்தட்டு சொன்னதில் கடைசி வரியோடு எனக்கு உடன்பாடு இல்லை. எஜெக்ட் பழக்கத்தை விடச் சொல்லாதீர்கள்.

க்விக் ரிமூவல் என்றால் விண்டோஸ் எழுத வேண்டியதைத் தன் நினைவகத்தில் தேக்கிவைக்காது என்பது மட்டும்தான். எழுதிக்கொண்டிருக்கும்போது பிடுங்கினால் அது காப்பாற்றாது. நீங்கள் காப்பி எதுவும் செய்யவில்லை என்று நினைக்கும் நேரத்தில் ஆன்டிவைரஸோ, படங்களுக்குச் சிறுபடம் உருவாக்கும் வேலையோ, திறந்து கிடக்கும் ஒரு எக்செல் கோப்போ டிரைவில் எழுதிக்கொண்டிருக்கலாம். பென்டிரைவ்களில் இருக்கும் கோப்பு அமைப்பு பெரும்பாலும் ஃபேட்32 அல்லது எக்ஸ்ஃபேட். இரண்டிலும் ஜர்னல் (செய்யப்போகும் மாற்றத்தை முன்கூட்டியே குறித்துவைக்கும் பதிவு) கிடையாது. கோப்பின் உள்ளடக்கம் ஓரிடத்தில், அது எங்கே இருக்கிறது என்ற அட்டவணை இன்னோரிடத்தில். ஒன்றை எழுதி மற்றதை எழுதுவதற்குள் மின்சாரம் போனால், அந்தக் கோப்பு மட்டுமல்ல, அதே ஃபோல்டரில் இருந்த மற்றவையும் காணாமல் போகலாம்.

லினக்ஸில் நிலைமை இன்னும் மோசம். காப்பி ஆகும் பட்டை முழுதாக ஓடி மறைந்த பிறகும் பல நூறு எம்பி நினைவகத்திலேயே காத்திருக்கலாம். மெதுவான பென்டிரைவ் என்றால் நிமிஷக்கணக்கில் ஆகும். டெர்மினலில் சிங்க் கட்டளை கொடுத்து, அது முடிந்து கர்சர் திரும்பி வரும்வரை காத்திருங்கள். அல்லது அன்மவுண்ட் (டிரைவைக் கணினியிலிருந்து முறையாக விடுவிப்பது) செய்யுங்கள், அதுவும் எழுதி முடித்த பிறகே விடும்.

சுழலும் எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்குக்கு எஜெக்ட் வேறொரு விதத்திலும் தேவை. எஜெக்ட் கொடுத்தால் தலையை ஒழுங்காக ஓரத்தில் நிறுத்திவிட்டு மோட்டாரை அணைக்கும். பிடுங்கினால் அவசரமாகத் தலையை இழுத்துக்கொள்ளும். அதற்கென்று ஏற்பாடு உண்டுதான், ஆனால் தேய்மானம் அதிகம்.

"டிவைஸ் பயன்பாட்டில் இருக்கிறது" என்று எஜெக்ட் மறுத்தால்: அந்த டிரைவைக் காட்டும் எக்ஸ்ப்ளோரர் ஜன்னலை மூடுங்கள், அதிலிருந்து திறந்த கோப்புகளின் ப்ரோகிராமையே மூடுங்கள், பத்து விநாடி விட்டு மறுபடி கொடுங்கள். அப்போதும் மறுத்தால் கம்ப்யூட்டரை முழுதாக அணைத்துவிட்டுக் கழற்றுங்கள். ஏற்கெனவே பிடுங்கிக் கெட்டுப்போனால் உடனே ஃபார்மட் கேட்கும் பெட்டிக்கு ஆமாம் சொல்ல வேண்டாம். அதில் ஒரே பிரதியாக இருக்கும் கோப்பு இருந்தால், டிரைவில் எதையும் எழுதாமல் முதலில் மீட்பு மென்பொருளால் வெளியே எடுத்துக்கொள்ளுங்கள். டிரைவின் ப்ராப்பர்டீஸில் டூல்ஸ் பக்கத்தில் இருக்கும் செக் அதற்குப் பிறகுதான். அது கோப்பு அமைப்பைச் சரிசெய்யும் முயற்சியில் துண்டுகளைக் கத்தரித்துவிடக்கூடும்.

பாஸ்வேர்டை மூன்று மாதத்துக்கொருமுறை மாற்றும் வழக்கத்தைத் தயங்காமல் எடுத்துவிடுங்கள். அமெரிக்கத் தரநிலை நிறுவனமான நிஸ்ட் 2017இல் வெளியிட்ட வழிகாட்டியே, காரணமின்றிக் குறித்த காலத்தில் மாற்றச் சொல்லிக் கட்டாயப்படுத்தக்கூடாது, கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் மாற்ற வேண்டும் என்கிறது. கட்டாயப்படுத்தினால் மக்கள் கடைசி எண்ணை ஒன்று கூட்டிவிட்டுப் போவார்கள். ஒவ்வொரு கணக்குக்கும் வெவ்வேறு பாஸ்வேர்டு, அவற்றை வைக்க ஒரு பாஸ்வேர்டு மேனேஜர், மின்னஞ்சல் கணக்குக்குக் கண்டிப்பாக இரண்டடுக்குச் சரிபார்ப்பு. இரண்டடுக்கை இயக்கும்போது தரும் மீட்புக் குறியீடுகளைக் காகிதத்தில் எழுதி வையுங்கள். போன் தொலைந்தால் உள்ளே போக அதுதான் சாவி, அதை அந்தப் போனிலேயே ஸ்க்ரீன்ஷாட்டாக வைப்பதில் பயனில்லை.

சுழல்தட்டு

எஜெக்ட் பத்தி நீங்க சொல்றது சரி. குறிப்பில் எஜெக்ட் இருக்கட்டும்.

இருபத்துநான்கு முனை

கேபிள் பற்றி யாரும் தொடவில்லை, அதனால் விரிவாகவே சொல்கிறேன். டைப்-சி என்பது செருகியின் வடிவத்தின் பெயர் மட்டும்தான். அந்தச் செருகியில் 24 முனைகள் உண்டு. கேபிளுக்குள் எத்தனை கம்பிகள் ஓடுகின்றன என்பது வெளியே தெரியாது. இரண்டு கேள்வியைத் தனித்தனியாகக் கேட்க வேண்டும்: எத்தனை வாட் தாங்கும், எவ்வளவு வேகத்தில் டேட்டா போகும். ஒன்றுக்கும் மற்றதற்கும் சம்பந்தமே இல்லை.

முதலில் வாட். இரண்டு பக்கமும் டைப்-சி உள்ள சாதாரணக் கேபிள் 3 ஆம்பியர் தாங்கும். 20 வோல்ட்டில் அது 60 வாட். அதற்கு மேல் போக 5 ஆம்பியர் கேபிள் வேண்டும், அதன் செருகிக்குள் இ-மார்க்கர் என்ற சின்ன சிப் இருந்து "நான் 5 ஆம்பியர் தாங்குவேன்" என்று சார்ஜருக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் சார்ஜர் 3 ஆம்பியரைத் தாண்டாது. 65 வாட் சார்ஜர் 20 வோல்ட்டில் 3.25 ஆம்பியர் கொடுப்பது. சாதாரணக் கேபிளோடு அது 60 வாட்தான் தரும். 100 வாட் லேப்டாப்பில் இதே கேபிளைப் போட்டால் "மெதுவான சார்ஜர்" என்று எச்சரிக்கை வரும், வேலை அதிகமானால் மாட்டியிருக்கும்போதே பேட்டரி இறங்கும். இப்போது புதிதாக வாங்குவதென்றால் 240 வாட் என்று அச்சிட்ட கேபிளை வாங்குங்கள். 2021இல் வந்த, யூஎஸ்பி வழியாகச் சார்ஜ் ஏற்றுவதற்கான பவர் டெலிவரி 3.1 தரம் அதுவரை போகிறது, 48 வோல்ட் 5 ஆம்பியர். சின்ன போனுக்கு அதைப் போட்டாலும் ஆபத்தில்லை. எவ்வளவு வேண்டும் என்று கேட்டு வாங்குவது போன்தான், கேபிள் தள்ளிவிடுவதில்லை. சில போன் கம்பெனிகளின் சொந்த வேக சார்ஜ் முறைகள் மட்டும் தனி. அவற்றுக்கு அதே கம்பெனியின் சார்ஜரும் கேபிளும் சேர்ந்தால்தான் முழு வேகம்.

அடுத்து டேட்டா. போனோடு வரும் சார்ஜ் கேபிள்களில் மிகப் பல யூஎஸ்பி 2.0, அதாவது விநாடிக்கு 480 மெகாபிட். 240 வாட் தாங்கும் தடித்த கேபிளும் உள்ளே 480 மெகாபிட்டாகவே இருக்கலாம். ஐபோன் 15 ப்ரோ 10 கிகாபிட் வேகம் தாங்கும், ஆனால் பெட்டியில் வரும் கேபிள் யூஎஸ்பி 2.0தான். மானிட்டர் கறுப்பாக நிற்பதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். படம் போக அதிவேகக் கம்பி ஜோடிகள் வேண்டும், யூஎஸ்பி 2.0 கேபிளில் அவை கிடையவே கிடையாது. கேபிளை மாற்றியும் வராவிட்டால் லேப்டாப்பின் அந்தத் துளை படம் அனுப்புமா என்று பாருங்கள். எல்லா டைப்-சி துளைகளும் அனுப்பாது.

நீளமும் துப்புக் கொடுக்கும். சிப் வைத்துப் பெருக்காத சாதாரணக் கேபிளில் 40 கிகாபிட் 0.8 மீட்டர் வரை, 10 கிகாபிட் ஒரு மீட்டர் வரை, யூஎஸ்பி 2.0 நான்கு மீட்டர் வரை. இரண்டு மீட்டர் நீளத்தில் வளைந்து நெளியும் மெல்லிய கேபிள் என்றால் அது சார்ஜுக்குத்தான் என்று வைத்துக்கொள்ளலாம்.

வீட்டில் கிடக்கும் பெயரில்லாத கேபிளைச் சோதிக்கும் வழி: ஒரு எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டியில் அந்தக் கேபிளை மாட்டி, ஒரு ஜிபி வீடியோ ஒன்றைக் காப்பி செய்யுங்கள். 25 முதல் 30 விநாடி ஆனால் யூஎஸ்பி 2.0. மூன்று நான்கு விநாடியில் முடிந்தால் 5 கிகாபிட்டோ அதற்கு மேலோ. எஸ்எஸ்டியே தெரியாவிட்டால் அது சார்ஜ் மட்டும் போகும் கேபிள், டேட்டாக் கம்பிகளே உள்ளே இல்லை. வாட்டைப் பார்க்க, திரையுள்ள ஒரு சின்ன யூஎஸ்பி மின்அளவியை நடுவில் செருகினால் வோல்ட், ஆம்பியர் இரண்டும் தெரியும். சோதித்ததும் செருகியின் பக்கத்தில் டேப் ஒட்டி "60 வாட், மெதுவு" என்பதுபோல எழுதிவிடுங்கள். செய்யாவிட்டால் அடுத்த மாதம் மறுபடி இதே தேடல்தான்.

இன்னொரு கோளாறு, டார்ச், ட்ரிம்மர், சின்ன ஸ்பீக்கர் போன்றவற்றில் அடிக்கடி வரும். பழைய வகை அகன்ற செருகியுள்ள கேபிளில் சார்ஜ் ஏறும், இருபக்கமும் டைப்-சி உள்ள கேபிளில் ஏறவே ஏறாது. கேபிளோ சார்ஜரோ கெட்டதில்லை. டைப்-சி சார்ஜர், மறுமுனையில் சாதனம் இருப்பது உறுதியானால்தான் மின்சாரத்தைத் திறக்கும். அதற்குச் சாதனத்துக்குள் 5.1 கிலோஓம் மின்தடை இரண்டு, சிசி எனப்படும் இரண்டு அடையாள முனைகளுக்கு ஆளுக்கு ஒன்றாக இருக்க வேண்டும். செலவை மிச்சம் பிடிக்க அவற்றை விட்டுவிடுகிறார்கள். 2019இல் வந்த ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரின் முதல் பதிப்பில்கூட இரண்டு முனைக்கும் ஒரே மின்தடையைப் பகிர்ந்ததால், இ-மார்க்கர் உள்ள கேபிள்களோடு அது ஓடவில்லை. பிறகு திருத்தினார்கள். இப்படிப்பட்ட சாதனங்களுக்காகவே ஒரு அகன்ற செருகிக் கேபிளைத் தூக்கிப்போடாமல் வைத்திருங்கள்.

கேபிள் தளர்வாக இருக்கிறது, ஆட்டினால்தான் சார்ஜ் ஏறுகிறது என்றால் போனின் துளையைப் பாருங்கள். சட்டைப்பையின் பஞ்சு உள்ளே போய், ஒவ்வொரு முறை செருகும்போதும் அழுந்தி அழுந்தி அட்டைபோல ஆகியிருக்கும். போனை அணைத்துவிட்டு, மரப் பல்குத்தியின் நுனியைச் சீவி, ஓரமாக விட்டு மெதுவாகக் கிளறி எடுங்கள். நடுவில் இருக்கும் நாக்குமேல் அழுத்தக்கூடாது. ஊசி, சேஃப்டி பின் எதுவும் வேண்டாம்.

தாழ்வாரம்

அருமை, ஒரு பக்கம் இரண்டு பக்கமாகிவிடும் போலிருக்கிறது. கடைசியாக ஒன்று. எக்ஸ்டர்னல் டிரைவை மாட்டினால் வயர்லெஸ் மவுஸ் தடுமாறுகிறது, கழற்றினால் சரியாகிறது என்று இரண்டு மூன்று பேர் கேட்டிருக்கிறார்கள். மவுஸை மாற்றச் சொல்லலாமா?

இருபத்துநான்கு முனை

மாற்ற வேண்டாம். யூஎஸ்பி 3 இணைப்பில் டேட்டா ஓடும்போது 2.4 கிகாஹெர்ட்ஸ் பகுதியில் இரைச்சல் கிளம்பும், இன்டெல் 2012இலேயே இதை ஆவணமாக வெளியிட்டது. வயர்லெஸ் மவுஸின் குட்டி ரிசீவர், ப்ளூடூத், பழைய வகை வைஃபை மூன்றும் அதே அலைவரிசையில் இருக்கின்றன. டிரைவும் ரிசீவரும் பக்கத்துப் பக்கத்துத் துளையில் இருந்தால் மவுஸின் மெல்லிய சிக்னல் இரைச்சலில் மூழ்கிவிடும்.

முதலில் ரிசீவரை லேப்டாப்பின் மறுபக்கத்துத் துளைக்கு மாற்றிப் பாருங்கள். போதாவிட்டால் அரை மீட்டர் யூஎஸ்பி 2.0 எக்ஸ்டென்ஷன் கேபிளில் ரிசீவரை மாட்டி, மவுஸுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வையுங்கள். பெரும்பாலும் அதோடு தீரும். டிரைவோடு வந்த கேபிள் மெல்லியதாக, உறைக்கவசம் சரியில்லாததாக இருந்தால் நல்ல கேபிள் ஒன்றைப் போட்டுப் பாருங்கள். டிரைவ் ஓடும்போது வைஃபையும் தள்ளாடினால் லேப்டாப்பை 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபைக்கு மாற்றச் சொல்லுங்கள்.